உப்பு ஒட்டுதா?

அன்பு அம்முவுக்கு,

ஊர் அடங்கிய பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அம்மா அழுதுகொண்டே எழுதியிருக்கிறாள் என்று நினைக்காதே. பாதி இடத்தில் தூக்கம்தான் காரணம், மீதிப் பாதியைப் பற்றி நீ கேட்க வேண்டாம். பகலில் பேனாவை எடுத்தால் யாராவது பால் சொம்போடு வாசலில் வந்து நிற்கிறார்கள், இல்லையென்றால் மாடு கத்துகிறது. போனில் பேசலாம் என்றால் நீ எடுப்பதில்லை. நான் அனுப்பும் மெசேஜில் நீல டிக் மட்டும் விழுகிறது. அது விழுந்தவுடன் ஒரு மூச்சு விடுகிறேன், அடுத்த நிமிஷமே படித்துவிட்டும் ஏன் பேசவில்லை என்று மறுபடி போனை எடுத்துப் பார்க்கிறேன். இந்தக் கடிதத்தை அப்பா கையில் கொடுத்து அனுப்பப்போகிறேன். கவரை ஒட்டவில்லை. அது மறதியில்லை, ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நீ கடைசியாக என்னிடம் பேசியது ஆஸ்பத்திரியிலிருந்து திருவெள்ளறையில் உன் மாமியார் வீட்டுக்குத் திரும்பிப் போன மறுநாள். "என் கை பட்டா எதுவும் தங்காதும்மா. அத்தை சொல்றது சரிதான். நீ இப்ப வராத, வந்தா நீயும் அழுவ, நானும் அழுவேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமலே அடுக்களையில் நின்றிருந்தேன். குழந்தை போனதை, எப்படியோ, உடம்பின் ஏதோ ஒரு மூலையில் தாங்கிக்கொண்டேன் அம்மு. உன் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தையைத் தாங்க முடியவில்லை. நீ சொன்னதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. அதை எப்போதோ சொல்லியிருக்க வேண்டும், சபையில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம். நான் எதையும் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன் என்று உனக்குத் தெரியும், பொறுத்துக்கொண்டு படி.

உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் நான் பி.எஸ்ஸி. தாவரவியல் கடைசிப் பரீட்சை எழுதினேன். எனக்கு இருபது வயது. உன்னைப் பள்ளிக்கூடத்தில் விடப் போனால் உன் அக்கா என்று நினைத்துத்தான் டீச்சர்கள் பேசுவார்கள், உனக்கு அதில் ஒரே பெருமை. ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம் இந்த வீட்டுக்கு வந்து, அப்பாவின் பட்டறைச் சம்பளத்தோடு ஒரு மாட்டையும் சேர்த்துக் குடும்பம் நடத்தலாம் என்று துணிந்தபோது, படித்த படிப்பு இருக்கிறதே, தீவனம் காயவைப்பது என்ன பிரமாதம் என்றுதான் நினைத்தேன். வாழைத்தோட்ட வரப்பில் வேலிமசால் தீவனச்செடி விதைத்து, அறுத்து, மொட்டை மாடியில் நடுவெயிலில் பரப்பிவிட்டேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் இலை எல்லாம் உதிர்ந்து, வெறும் குச்சி கிடக்கிறது. அந்தப் பொடி இலை காற்றில் பறந்து கீழ்வீட்டு மாமி காயவைத்த வத்தல் மேல் எல்லாம் ஒட்டிக்கொண்டது. "ஏங்க, இது எங்க வத்தலா, உங்க மாட்டுத் தீனியா? எங்க வீட்டுக்காரர் பொரிச்சுக் கேக்கறார்!" என்று படியில் நின்று அவர்கள் கத்தியது உனக்கு ஞாபகம் இருக்குமா? நீ அப்போது என் புடவைக்குப் பின்னால் நின்று சிரித்தாய்.

பிறகு கற்றுக்கொண்டோம், நீயும் நானுமாக. பூ எட்டிப் பார்க்கிறபோதே அறுத்துவிட வேண்டும், முற்றவிட்டால் தண்டு பெருக்கும், சத்து இறங்கிவிடும். காலையில் பனி உலர்ந்த பிறகு அறுத்து மெல்லிசாகப் பரப்பி, இலை வாடித் துவளும்போதே ஒருமுறை புரட்டிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் ஷீட் போட்ட பந்தலுக்குள் இழுத்துவிட வேண்டும். நிழலும் காற்றும் காயவைத்தால் பச்சை நிறம் அப்படியே நிற்கும், இலை தண்டை விட்டுப் போகாது. மாட்டுக்கு வேண்டியது இலையில்தான் இருக்கிறது. ஆனால் இலை ஏமாற்றும். தொட்டால் சலசல என்று காய்ந்த சத்தம் கொடுக்கும், தண்டை நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே இன்னும் ஈரம் கசியும். அந்த ஈரத்தோடு கட்டி அடுக்கினால் கட்டு உள்ளுக்குள்ளேயே சூடேறி, வெந்து, பூஞ்சணம் பிடித்துவிடும்.

அதற்குத்தான் உப்பு. ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, அதில் ஒரு கைப்பிடித் தீவனத்தை நறுக்கிப் போட்டு, வறுத்து ஆறிய தூள் உப்பைக் கொஞ்சம் தூவி மூடிக் குலுக்கினால் போதும். ஈரம் இருந்தால் உப்பு கட்டிதட்டும், இலையிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொள்ளும். காய்ந்திருந்தால் உதிரியாக உருளும். அந்தப் பாட்டிலைக் குலுக்குகிற வேலை உன்னுடையது. மொட்டை மாடியில் நாட்டியம் ஆடிக்கொண்டே குலுக்குவாய். "உப்பு ஒட்டுதா?" என்று நான் கீழேயிருந்து கேட்பேன். "ஒட்டலம்மா, உருளுது!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாய். பிறகு அதுவே நம் வீட்டுப் பேச்சாகிவிட்டது. பரீட்சை எழுதிவிட்டு வந்தால் அப்பா "என்ன, உப்பு ஒட்டுதா?" என்பார். உன்னைப் பெண் பார்த்துவிட்டு மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிய பிறகு நான் அடுக்களையில் உன் காதோரம் அதைத்தான் கேட்டேன். நீ வெட்கப்பட்டு, "உருளுதும்மா" என்றாய்.

ஒருமுறை உன் சித்தி கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் பந்தலில் கிடந்ததை வாரிக் கட்டப்போனேன். வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. நீ பட்டுப்பாவாடையோடு பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, "ஒட்டுதும்மா. நீ கட்டாத" என்றாய். உனக்குப் பத்து வயதுகூட இல்லை. நான் முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் வீட்டுக்குள் கூடத்தில் கொண்டுவந்து பரப்பி, ஃபேன் போட்ட பிறகுதான் கிளம்பிப் போனோம். முகூர்த்தம் முடிந்துவிட்டது. சித்தி மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. இருந்தாலும் அன்றைக்கு நான் உன் பேச்சைக் கேட்டேன் அம்மு. இதை ஞாபகம் வைத்துக்கொள்.

ஏனென்றால் அடுத்ததாக நான் சொல்லப்போவது நீ சொல்லியும் நான் கேட்காத நாளைப் பற்றி. உனக்குக் கல்யாணம் ஆகி, தலைதீபாவளிக்கு அழைக்க அப்பாவும் நானும் தட்டு எடுத்துக்கொண்டு திருவெள்ளறைக்கு வந்தோமே, அந்த நாள். மழைக்காலம் தொடங்குகிற சமயம். உங்கள் வீட்டில் தீவனச்சோளம் அறுத்துக் காயப்போட்டு, அன்றைக்குத்தான் கொட்டகைக்குள் போர் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். உன் மாமியார் வாசல்வரை ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "வாங்க சம்பந்தி, நல்ல நேரத்துலதான் வந்தீங்க! புது மருமக கையால மஞ்சத் தண்ணி தெளிச்சுத்தான் இந்த வீட்ல போர் போடுவோம். மகாலச்சுமி கைங்க அது, ராசியான கை." நீ தலைநிறையப் பூவோடு, மாவிலை செருகிய குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாய். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

நான் சும்மா நிற்க மாட்டாமல் போரில் கை வைத்துப் பார்த்தேன். இலை மொடமொடவென்று இருந்தது. ஒரு சோளத்தட்டையை எடுத்துக் கணுவுக்குப் பக்கத்தில் வளைத்தேன். ஒடியவில்லை, துவண்டது. நகத்தால் கீறினேன், நகம் ஈரமானது. நீயும் என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். "கொஞ்சம் ஈரம் இருக்கிற மாதிரி..." என்று இழுத்தேன். உன் மாமனார் சிரித்தார். "சம்பந்தி அம்மா மொட்டை மாடியில துணிக்குப் பதிலாப் புல்லு காயப்போடறவங்களாச்சே!" உன் மாமியார், "என்ன சம்பந்தி, அழைப்புத் தட்டோட பரீட்சைப் பேப்பரும் எடுத்துட்டு வந்தீங்களா?" என்றார்கள். கேலியில் விஷம் ஒன்றும் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்போதுதான் நீ என் பக்கத்தில் வந்து மெதுவாக, "அம்மா, உப்பு போட்டுப் பாக்கவா?" என்று கேட்டாய்.

நான் உன் முழங்கைக்கு மேலே கிள்ளினேன். "சும்மா இரு. உங்க அத்தை சொன்னபடி செய்" என்றேன்.

நீ சும்மா இருந்தாய். தெளித்தாய். சும்மா நாலு துளி இல்லை, அவர்கள் "நல்லாத் தெளிம்மா, நாலு பக்கமும்" என்று சொல்லச் சொல்ல, ஒவ்வொரு அடுக்குக்கும் மாவிலையை முக்கி முக்கிக் குடம் காலியாகும்வரை தெளித்தாய். மழை வரும் என்று உடனே மேலே நீலத் தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டினார்கள். ஏற்கெனவே தண்டில் ஈரம், மேலே தண்ணீர், அதற்கும் மேலே காற்றுப் போகாத மூடி. பஸ்ஸில் திரும்பி வரும்போது அப்பா, "நீ ஏன் விவரமாச் சொல்லல?" என்றார். "பொண்ணு குடுத்த எடத்துல, அழைக்கப் போன அன்னைக்கு, தீனி சரியில்லைன்னு எப்படிங்க சொல்றது?" என்றேன். "அது சரிதான்" என்றார். இரண்டு பேரும் படித்தவர்கள் மாதிரி தலையாட்டிக்கொண்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

மார்கழியில் உங்கள் செவலைப் பசு மாதம் நிறையும் முன்பே கன்று வீசிவிட்டது. முதல் சினை, நீ தவிடு கரைத்து வைத்தால்தான் குடிக்கும் என்பாயே, அந்தச் செவலை. நான் வந்தபோது நீ கொட்டகையில் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உனக்கே அப்போது நாள் தள்ளியிருந்தது. மாப்பிள்ளை போரிலிருந்த தீவனக் கட்டைப் பிரித்தபோது மாவு மாதிரி வெள்ளைத் தூள் எழும்பி மூக்கில் ஏறியது. புகையிலையும் கருகிய வெல்லமும் கலந்த மாதிரி ஒரு வாடை. கையை உள்ளே விட்டேன், கதகதவென்று இருந்தது. கால்நடை டாக்டர், "இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா பூஞ்சணம் புடிச்ச தீவனத்துக்கு இப்படி ஆகும். இனிமே இதைச் சினை மாட்டுப் பக்கம் காட்டாதீங்க" என்று என் காதுபடச் சொன்னார். உன் மாமியார் உள்ளே வேப்பிலை எடுக்கப் போயிருந்தார்கள், அவர்கள் கேட்கவில்லை. திரும்பி வந்ததும் நான் சொல்லியிருக்கலாம். துக்கம் நடந்த வீட்டில் யார்மேல் குற்றம் என்று பேசுவதா என்று அன்றைக்கும் வாயை மூடிக்கொண்டேன். மாப்பிள்ளையும் மூடிக்கொண்டார். அவர் அம்மா மனம் நோகக் கூடாது என்று அவருக்கு, சம்பந்தி மனம் நோகக் கூடாது என்று எனக்கு.

தை மாதம் உனக்கு அப்படி ஆனது. ஆஸ்பத்திரியில் அந்த லேடி டாக்டர் உன் தலையைத் தடவிக்கொண்டு, "நீ எதுவும் செஞ்சதால இல்லம்மா. முதல் மாசங்கள்ல இது நிறையப் பேருக்கு நடக்கறதுதான். உன் மேல தப்பே கிடையாது" என்றார்கள். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய். உன் காதில் அது விழுந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வெளியே வராந்தாவில் உன் மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டு, "கொட்டாய்லயும் தங்கல, வீட்லயும் தங்கல. என்ன கை ராசியோ" என்றார்கள். கதவு திறந்திருந்தது. அது உன் காதில் விழுந்தது என்று மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை அம்மு. உனக்கு வாந்தி வந்த நாட்களில் கஞ்சியை ஆற்றி ஊட்டிவிட்டவர்கள். வளைகாப்புக்கு வளையல் வாங்கப் பாலக்கரைக் கடைக்கு நாம் ரெண்டு பேரும் போகலாம் என்று என்னிடம் அப்போதே பேசிவைத்தவர்கள். அவர்களுக்கும் அழுகையைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது, உன் கையில் வைத்துவிட்டார்கள். "அவ தீனிப் பக்கம் வர வேணாம், பால் கறக்கவும் வேணாம், உள்ளயே ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று சொன்னதில் பாதி அக்கறை, பாதி பயம். நீயும் அதை நம்பி அறைக்குள் உட்கார்ந்துவிட்டாய். நான் இங்கே பழைய வாயில் புடவைகளைத் துவைத்து, குழந்தைக்கு என்று சதுரமாகக் கிழித்து மடித்து பீரோவில் வைத்திருந்தேன். அந்த பீரோவைத் திறக்காமல் இருப்பதற்காக என் துணியெல்லாம் கொடியிலேயே கிடக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். செவலைக்கு நடந்ததற்குக் காரணம் இருக்கிறது என்றால், அது ஈரத்தோடு மூடிய போர். அந்த ஈரத்தை என் நகம் கண்டது, அதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று உன் வாய் சொன்னது, நான் உன்னைக் கிள்ளி அடக்கினேன். உனக்கு நடந்ததற்கு யாரும் காரணம் இல்லை. நீ இல்லை, நான் இல்லை, மஞ்சள் தண்ணீர் இல்லை, மாடு இல்லை. இந்த இரண்டு துக்கத்துக்கும் ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் கிடையாது. இரண்டையும் சேர்த்து ஒரே கயிற்றால் கட்டியது ஒரு வாய்ச்சொல். அந்தக் கட்டைப் பிரித்துப்போடு அம்மு, தாயே, பிரித்துப்போடு. அன்றைக்கு அந்தக் கொட்டகையில் நின்ற அத்தனை பேரிலும் தீவனத்தைப் பற்றிச் சரியாகக் கேட்டவள் நீ ஒருத்திதான். ராசி என்று ஒன்று இருந்தால், அது உன் கையில் அன்றைக்கும் இருந்தது. நான்தான் அதைப் பிடித்து வைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை நேற்று அப்பாவுக்குப் போன் செய்து, கோடைச் சோளம் அறுத்துக் காயப்போட்டிருப்பதாகவும், மேகம் கட்டுவதால் இரண்டொரு நாளில் போர் போட்டுவிடப்போவதாகவும் சொன்னார். கறுப்பு மாடு சினையாக இருக்கிறதாமே. கேட்டதிலிருந்து எனக்கு அடுப்பில் என்ன வைத்தேன் என்பதே ஞாபகம் இல்லை. அதனால்தான் விடிவதற்குள் எழுதி முடிக்கிறேன். அப்பா நாளைக்குப் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் வருகிறார். அவர் கையில் இருக்கும் மஞ்சள் பையில் நம் பழைய ஊறுகாய் பாட்டில் இருக்கிறது, மூடிகூட அதே மூடிதான். உப்பை வறுத்துத் தனியாகப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன். நீ எழுந்து, முகம் கழுவி, கொட்டகைக்குப் போ. உன் கையால் காயப்போட்டிருப்பதின் அடியிலிருந்து தட்டையை எடு, மேலே கிடப்பதை எடுக்காதே. கணு கணுவாக நறுக்கிப் போட்டுக் குலுக்கு. ஒட்டினால் பிரித்துக் காற்றாடப் போடச் சொல், மழை வந்தால் கூடத்தில் பரப்பச் சொல், முகூர்த்தம் தவறினால் தவறட்டும். மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது அவர்கள் வீட்டு வழக்கம், நல்ல மனசோடு செய்வது. கொட்டகை வாசலிலும் தூணிலும் தெளிக்கட்டும், தீவனத்தின் மேல் மட்டும் வேண்டாம். பழைய போரில் மிச்சம் இருந்தால் குப்பைக்குழியில் போடச் சொல், ஒரு பிடிகூட எதற்கும் போடாதீர்கள்.

"நீ தொடாதே" என்று உன் அத்தை சொன்னால் அங்கேயே நின்று இந்தக் கடிதத்தை அவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. கவரை ஒட்டாமல் அனுப்புவது அதற்காகத்தான். சம்பந்தி, இதை நீங்களும் கேட்டுக்கொண்டிருந்தால், என்னைத் திட்டுங்கள். அன்றைக்குத் தெரிந்தும் சொல்லாமல் போனவள் நான், என் பெண் இல்லை. எனக்குக் கோபம் வரும், அழுகை வரும், ஆனாலும் கேட்டுக்கொள்வேன். அவளைக் கொட்டகைக்குள் விடுங்கள்.

அம்மு, நான் உன்னிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. சிரிக்கச் சொல்லவில்லை, மறக்கச் சொல்லவில்லை, என்னோடு போனில் பேசச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. அந்தக் குழந்தைக்காக நீ அழ வேண்டியதை எல்லாம் அழு, நானும் இங்கே அழுகிறேன். ஆனால் அழுவதற்காக உன் கையை மடக்கி வைத்துக்கொள்ளாதே. இனி யார் கிள்ளினாலும், நானே கிள்ளினாலும், சும்மா இருக்காதே.

அப்பா சாயங்காலம் திரும்பி வரும்வரை நான் வாசலில்தான் இருப்பேன். உப்பு ஒட்டியதா, உருண்டதா, அதை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவரிடம் கொடுத்தனுப்பு. சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா